சிந்தனைச் சிற்பி சிங்காரவேலர்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு மாணவன்)



ராஜாஜி சாலையில் இருக்கிற கலெக்டர் ஆபீஸ் நம்மில் பலருக்கும் தெரிந்த இடம்தான். மனு, சான்றிதழ் என்று ஏதாவது ஒரு வேலையாக அங்கே போய் நின்றிருப்போம். அந்தக் கட்டிடத்தின் பெயர் சிங்காரவேலர் மாளிகை. ராயபுரத்திலிருந்து பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்தப் பெயரைப் படித்திருக்கிறேன். ஆனால் அவர் யார் என்று யாரையும் கேட்டது கிடையாது. போன வருஷம் எங்க அப்பாவுக்கு வேலை போன பிறகுதான் அவரைப் பற்றித் தேடிப் படித்தேன்.

1860 பிப்ரவரி 18ல் சென்னையில் ஒரு மீனவக் குடும்பத்தில் பிறந்தவர் சிங்காரவேலர். தந்தை வெங்கடாசலம், தாய் வள்ளியம்மை. 1907ல் அவர் சட்டப்படிப்பை முடித்தபோது வயது 47. அரியர்ஸ் வைத்திருக்கும் நண்பர்கள் மனம் தளர வேண்டாம்! ஐகோர்ட் வக்கீலானார். வீட்டில் ஒரு பெரிய நூலகமே வைத்திருந்தார். வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் 1921ல் ஒத்துழையாமை இயக்கத்தின்போது வக்கீல் கவுனை எரித்துவிட்டுக் கோர்ட்டுக்கு முழுக்குப் போட்டார். அந்த வருஷம் பெரம்பூர் பி அண்ட் சி மில் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் பட்டினி கிடந்து போராடினார்கள். அவர்கள் பக்கம் நின்றார்.

1923 மே 1ல் இந்தியாவிலேயே முதன்முதலாக மே தினம் கொண்டாடியவரும் இவரே. ஐகோர்ட் எதிரே உள்ள கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் கூட்டம் நடந்தது. நம்ம ஊர் மணலில்தான் அந்தச் செங்கொடி முதலில் பறந்தது என்பது நமக்கெல்லாம் பெருமை அல்லவா!

ஆனால் நான் சொல்ல வந்தது 1928ம் வருஷத்துக் கதை.

அப்போது தென்னிந்திய ரயில்வே ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் கையில் இருந்தது. நாகப்பட்டினம், போத்தனூர் என்று தனித்தனியாக இருந்த ஒர்க்ஷாப்புகளைத் திருச்சி பொன்மலையில் ஒன்றாகச் சேர்க்கக் கம்பெனி முடிவு செய்தது. புதுக் கட்டிடம், புது மெஷின் எல்லாம் சரி. ஆனால் பழைய ஆட்கள்? 3,100 பேருக்கு மேல் வேலையை விட்டு அனுப்பப் போவதாகச் சொன்னது கம்பெனி. யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று பார்க்க டிரேட் டெஸ்ட் ஒன்றையும் கொண்டு வந்தது. வருஷக்கணக்கில் இன்ஜினைப் பிரித்துப் பூட்டியவர்களுக்கு டெஸ்ட்!

யூனியன் எதிர்த்தது. சிங்காரவேலர் ஊர் ஊராகப் போய்த் தொழிலாளர்களிடம் பேசினார். ஜூலை மாதம் ரயில்கள் ஓடாமல் நின்றன. அரசாங்கம் போலீசை இறக்கியது. தலைவர்களைப் பிடித்து உள்ளே போட்டார்கள். யூனியனின் அங்கீகாரமும் போனது. வேலைநிறுத்தம் தோற்றது. மறைக்காமல் சொல்ல வேண்டியதுதான். 68 வயதில் சிறைக்குப் போன சிங்காரவேலர் 1930ல்தான் வெளியே வந்தார். அதற்குப் பிறகும் ஓயவில்லை. பாமர மக்களுக்குப் புரிகிற மாதிரி விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதினார். 1946 பிப்ரவரி 11ல் மறைந்தார்.

இது ஏதோ பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள். நம்ம சென்னைத் துறைமுகத்திலேயே 2001ல் கண்டெய்னர் முனையம் தனியார் கம்பெனியிடம் போனது. அரசு நிறுவனமும் தனியாரும் கை சேர்க்கும்போது கிரேன் வரும், கப்பல் வரும். ஆனால் ஏற்கெனவே உழைத்தவனுக்கு அதே வேலை, அதே சம்பளம், அதே யூனியன் இருக்குமா என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினால்தான் உண்டு.

எங்க அப்பா பன்னிரண்டு வருஷம் ஒரு தொழிற்சாலையில் வெல்டர். போன வருஷம் அந்தப் பிரிவையே காண்ட்ராக்டரிடம் கொடுத்துவிட்டார்கள். டெஸ்ட் வைத்துத் திரும்ப எடுப்போம் என்றார்கள். அப்பா வைத்த வெல்டிங்கில் குறை எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் கூப்பிடவில்லை. இன்று தினக்கூலிக்குப் போகிறார். எங்க வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். ஃபீஸ் கட்டும்போதெல்லாம் அவர் கையைப் பார்க்கிறேன்.

நண்பர்களே! ஒர்க்ஷாப்பில் நாமும் லேத்தில் ஜாப் கடைந்து, மைக்ரோமீட்டரில் அளந்து மார்க் வாங்குகிறோம். டெஸ்ட் தப்பில்லை. தொழிலைக் கற்றுக்கொடுக்க டெஸ்ட் வைக்கலாம். ஆளை வெளியே தள்ள வைத்தால் அதன் பெயர் வேறு.

நாளைக்கு டிப்ளமோவை முடித்துவிட்டு நம்மில் பலர் சூப்பர்வைசர் ஆவோம். அந்த டெஸ்ட் பேப்பரைத் திருத்தும் பேனா நம் கையில் இருக்கும். எதிரே நம்ம அப்பா வயசில் ஒருத்தர் நின்றுகொண்டிருப்பார். அந்த நேரத்தில் சிங்காரவேலரை நினைத்துக்கொள்வோம். அடுத்த முறை கலெக்டர் ஆபீஸ் வாசலைத் தாண்டும்போது அந்தப் பெயரை ஒரு நிமிஷம் நின்று படித்துவிட்டுப் போவோம்.

வாழ்க உழைப்பாளர் ஒற்றுமை!