கப்பல் வாங்கிய வக்கீல்

வெள்ளைக்காரர்களின் கப்பலுக்குப் போட்டியாக ஒரு தமிழர் கப்பல் விட்டார். அவர் ராஜா அல்ல. ஜமீன்தாரும் அல்ல. தூத்துக்குடியில் கோர்ட்டுக்குப் போய் வாதாடிச் சம்பாதித்த ஒரு வக்கீல். அவர்தான் வ.உ.சிதம்பரம் பிள்ளை.

கப்பலை விலைக்கு வாங்குவது ஒரு பங்கு வேலை. அதைக் கடலில் ஓட வைத்துக்கொண்டே இருப்பது பத்துப் பங்கு வேலை. இரண்டையும் தலையில் சுமந்தவர் அவர். அதற்காக அவர் கொடுத்த விலையும் பெரிது.

ஒட்டப்பிடாரத்துப் பிள்ளை

சிதம்பரம் பிள்ளை 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ந்தேதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தை உலகநாத பிள்ளை, ஒரு வக்கீல். தாயார் பெயர் பரமாயி அம்மாள்.

மகனும் தந்தையைப் போலவே வக்கீல் பரீட்சை எழுதித் தேறினார். 1895-ல் ஒட்டப்பிடாரத்தில் தொழில் தொடங்கினார். ஏழைகளின் வழக்கு என்றால் பணத்தைப் பற்றிக் கவலைப்படமாட்டார். போலீசாரின் வழக்குகளையும் உடைத்தெறிந்தார். அதனால் அதிகாரிகளின் பகை வந்தது. 1900-ல் தூத்துக்குடிக்குக் குடியேறினார்.

கடலுக்கு அப்பால் கொழும்பு

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே இருப்பது ஒரு இரவுப் பயணம்தான். தாமிரபரணிக் கரையில் ஏரல், ஆத்தூர், ஸ்ரீவைகுண்டம் என்று எந்த ஊரை எடுத்தாலும், கொழும்புக்குப் போய்க் கடை வைத்தவர்கள் உண்டு. அரிசியும் துணியும் போகும். ஆட்களும் போவார்கள், வருவார்கள்.

முத்துக் குளித்த காலத்திலிருந்தே அந்தக் கடல் நம்மவர்களுக்கு வீட்டு முற்றம் மாதிரி. ஆனால் நீராவிக் கப்பல் வந்த பிறகு கதை மாறிவிட்டது. கொழும்புப் போக்குவரத்து முழுவதும் 'பிரிட்டிஷ் இந்தியா' என்ற வெள்ளைக்காரக் கம்பெனியின் கையில் போனது. அவர்கள் வைத்ததுதான் கட்டணம். அவர்கள் ஏற்றினால்தான் சரக்கு.

அப்போது நாடெங்கும் சுதேசி இயக்கம் பரவியிருந்தது. அந்நியத் துணியை விட்டுச் சுதேசித் துணி உடுத்தினால் போதுமா? அந்நியர்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தது கப்பல். அவர்களின் வியாபாரத்தைத் தாங்கி நிற்பதும் கப்பல். அந்தக் கப்பல் தொழிலில் கை வைத்தால் அவர்களுக்கு வலிக்கும் என்று சிதம்பரம் பிள்ளை நினைத்தார்.

25 ரூபாய் பங்கு

1906-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ந்தேதி 'சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி' பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய். மொத்தம் 40 ஆயிரம் பங்குகள்.

மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் கம்பெனிக்குத் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8 ஆயிரம் பங்குகள் வாங்கி, 2 லட்சம் ரூபாய் தந்தார். சிதம்பரம் பிள்ளை உதவிச் செயலாளர். பதவியின் பெயர் சிறிது. வேலை முழுவதும் அவருடையது.

முதலில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாய் ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்குக் கப்பல் எடுத்து ஓட்டினார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி சும்மா இருக்குமா? ஷா லைன் கம்பெனியை நெருக்கியது. வாடகைக் கப்பல் நின்றுபோயிற்று. கொழும்பிலிருந்து வேறொரு கப்பலை வாடகைக்குப் பிடித்துச் சமாளித்தார்கள். இரவல் கப்பலை நம்பினால் காரியம் நடக்காது என்பது தெளிவாகிவிட்டது.

பம்பாய்ப் பயணம்

சொந்தக் கப்பல் வாங்குவதற்காகச் சிதம்பரம் பிள்ளை பம்பாய்க்குப் புறப்பட்டார். அப்போது வீட்டில் மகன் உலகநாதனுக்கு உடல்நலம் சரியில்லை. மனைவி மீனாட்சி அம்மாள் கர்ப்பிணி. இந்த நேரத்தில் போகலாமா என்று நண்பர்கள் தடுத்தார்கள். குடும்பத்தைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்றார் அவர். திரும்பினால் கப்பலோடு திரும்புவேன், இல்லாவிட்டால் அந்தக் கடலிலேயே விழுந்து உயிரை விடுவேன் என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினார்.

சொன்னபடி செய்தார். 1907-ல் 'காலியா' என்ற கப்பல் தூத்துக்குடிக்கு வந்தது. பிரான்சுக்குப் போன வேதமூர்த்தி முதலியார் 'லாவோ' என்ற இன்னொரு கப்பலைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு கப்பலிலும் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர் போகலாம். 4 ஆயிரம் மூட்டைச் சரக்கும் ஏற்றலாம்.

கடற்கரையில் ஜனங்கள் திரண்டு நின்று பார்த்தார்கள். தங்கள் வீட்டில் பிள்ளை பிறந்ததுபோல மகிழ்ந்தார்கள்.

கப்பல் தின்னும் பணம்

தோணியைப் பராமரிப்பது நம் கடற்கரையில் எல்லோருக்கும் தெரிந்த வேலை. மழைக்காலத்தில் கரையில் இழுத்துப் போடுவார்கள். பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை அடைத்துக் குங்கிலியம் பூசுவார்கள். எண்ணெய் தடவுவார்கள். மறுபடியும் தண்ணீரில் தள்ளிவிடுவார்கள்.

நீராவிக் கப்பலை அப்படி இழுத்துப் போட முடியுமா? அதன் அடிப்பக்கம் உப்புத் தண்ணீரிலேயே ஊறிக் கிடக்கும். பாசியும் சிப்பியும் ஒட்டிக்கொள்ளும். அவை ஒட்ட ஒட்ட வேகம் குறையும், நிலக்கரி அதிகம் செலவாகும். துருவைச் சுரண்டி, வர்ணம் அடித்துக்கொண்டே இருக்கவேண்டும். அடிப்பக்கத்தைச் சுத்தம் செய்யக் கப்பலைத் துறைக்குள் ஏற்றி, தண்ணீரை இறைத்து வெளியேற்றவேண்டும். கடல் கப்பலுக்கு அப்படிப்பட்ட துறை அன்று தூத்துக்குடியில் இல்லை.

உள்ளே கொதிகலன் இருக்கிறது. அதற்கு நல்ல தண்ணீர் வேண்டும். உப்புப் படிந்தால் கொதிகலன் கெட்டுவிடும். அதைக் கவனிக்க எஞ்சினியர், ஓட்டக் காப்டன், கரி அள்ளிப்போட ஆட்கள், மாலுமிகள் எல்லோருக்கும் மாதம் பிறந்தால் சம்பளம் தரவேண்டும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. அந்தக் காலத்தில் தூத்துக்குடிக் கடல் கரையோரம் ஆழம் குறைவு. பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளித்தான் நங்கூரம் போடும். பயணிகளும் மூட்டைகளும் படகிலும் தோணியிலும் போய்த்தான் ஏறவேண்டும். அதற்கும் தனிச் செலவு.

கப்பல் நிறைந்து போனாலும் செலவு உண்டு. காலியாகப் போனாலும் அதே செலவு உண்டு. வெள்ளைக்காரக் கம்பெனிக்கு இந்த ரகசியம் நன்றாகத் தெரியும். அங்கேதான் அவர்கள் அடித்தார்கள்.

கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தார்கள். சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கியது. உடனே வெள்ளைக்காரர்கள் இலவசமாகவே ஏற்றிச் செல்வதாகச் சொன்னார்கள். ஏறுகிறவர்களுக்குக் குடையும் தந்தார்கள்! அப்படியும் ஜனங்கள் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறினார்கள்.

ஜெயில் கதவு

வியாபாரத்தில் வெல்ல முடியாதபோது சர்க்கார் துணைக்கு வந்தது.

1908 பிப்ரவரி 27-ந்தேதி தூத்துக்குடிக் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் தலைமை தாங்கினார்கள். பொதுமக்களிடம் பணம் திரட்டித் தொழிலாளர் குடும்பங்களின் பசியைத் தீர்த்தார்கள். ஒன்பது நாளில் முதலாளிகள் இறங்கி வந்தார்கள்.

அடுத்த வாரமே, மார்ச் 12-ந்தேதி, திருநெல்வேலியில் இருவரும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் உயிரிழந்தார்கள்.

ஜூலை 7-ந்தேதி நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். சிதம்பரம் பிள்ளைக்கு இரண்டு ஆயுள் தண்டனைகள், மொத்தம் 40 ஆண்டுகள்! தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குச் செய்தி கேட்டுச் சித்தம் கலங்கிவிட்டது. மேல் கோர்ட்டில் தண்டனை பிறகு குறைந்தது.

கோயமுத்தூர் ஜெயிலில் அவரைச் செக்கு இழுக்க வைத்தார்கள். மாடு சுற்றவேண்டிய இடத்தில், கப்பல் முதலாளி வெயிலில் சுற்றினார். பிறகு கண்ணனூர் ஜெயிலுக்கு மாற்றினார்கள்.

வெளியே கப்பல்களின் கதி என்ன? தலைவர் இல்லை. பங்கு வாங்கியவர்களுக்குப் பயம். அதிகாரிகளின் தொல்லை வேறு. ஆனால் கரிக்கும் கூலிக்கும் செலவு நிற்கவில்லை. 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. உயிரைப் பணயம் வைத்து வாங்கிய கப்பல்கள் விற்கப்பட்டன. அதைத் தடுக்க முடியாமல் அவர் ஜெயிலில் இருந்தார்.

கரை சேர்ந்த பிறகு

1912 டிசம்பரில் விடுதலை ஆனார். கைதாகும்போது அவருக்காக ஊரே கொந்தளித்தது. வெளியே வரும்போது வரவேற்கக் கூட்டம் இல்லை. வக்கீல் தொழில் செய்யும் உரிமையும் பறிபோயிருந்தது.

சென்னைக்குப் போய் அரிசியும் நெய்யும் விற்றார். வறுமை வாட்டியது. தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த தமிழர்கள் அவருக்காகச் சேர்த்த பணம், காந்தியடிகள் மூலமாக 1916-ல் கைக்கு வந்தது. அது 347 ரூபாய் சொச்சம். ஒரு காலத்தில் லட்சங்களைத் திரட்டியவருக்கு அதுவே பேருதவியாக இருந்தது.

வாலேஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் உதவியால் வக்கீல் உரிமை திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியை மறக்காமல் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். வெள்ளையர் ஆட்சியைத்தான் அவர் எதிர்த்தார். நல்லவர் எந்த நிறமானாலும் அவருக்கு நல்லவரே.

கோயில்பட்டியில் வக்கீலாக இருந்துவிட்டு, 1932-ல் தூத்துக்குடிக்குத் திரும்பினார். தமிழ் நூல்கள் எழுதினார். திருக்குறளுக்கு உரை கண்டார். தொல்காப்பியத்தைப் பதிப்பித்தார்.

1936-ஆம் ஆண்டு நவம்பர் 18-ந்தேதி உயிர் பிரிந்தது. அவருடைய விருப்பப்படியே கடைசி நேரத்தில் அவரைத் தூத்துக்குடிக் காங்கிரஸ் அலுவலகத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். சுதந்திரத்தைப் பார்க்க அவர் இல்லை. இன்னும் 11 ஆண்டுகள் இருந்தன.

காலியாவும் லாவோவும் நமக்கு மிஞ்சவில்லை. அவர் இழுத்த செக்குதான் நினைவுச் சின்னமாக நிற்கிறது. ஆனால் அவர் கப்பல் விட்ட தூத்துக்குடியில் பெரிய துறைமுகம் எழுந்தது. கரையிலிருந்து மைல் கணக்கில் தள்ளி நின்ற கப்பல்கள் இப்போது சுவரோரமாகவே வந்து நிற்கின்றன. 2011-ல் அந்தத் துறைமுகத்துக்கு வ.உ.சிதம்பரனார் துறைமுகம் என்று பெயர் சூட்டினார்கள். அங்கே வரும் கப்பல் எந்த நாட்டுக் கொடியோடு வந்தாலும், அந்த வக்கீலின் பெயரைச் சொல்லித்தான் உள்ளே வருகிறது.