தாய்க்குலம் காத்த டாக்டர் முத்துலட்சுமி அம்மையார்

வரதய்யபாளையத்தில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பெண்ணுக்குப் பேறுகாலம் நெருங்குமானால், திருப்பதிக்கு அழைத்துச் செல்வதா, சென்னைக்கு அழைத்துச் செல்வதா என்று வீட்டார் கூடி ஆலோசிப்பது வழக்கம். இரு நகரங்களிலும் அரசாங்க மகப்பேறு மருத்துவமனைகள் உள்ளன. கையில் காசில்லாத ஏழைப் பெண்ணும் அங்கே உரிமையோடு நுழையலாம். இந்த உரிமை தானாக வந்ததன்று. அதற்காக உழைத்தோருள் தலையாய ஒருவரின் வரலாற்றை இம்மலரில் நினைவுகூர்வது பொருத்தமாகும்.

புதுக்கோட்டையில் 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் முத்துலட்சுமி பிறந்தார். தந்தையார் நாராயணசுவாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் தலைவராக விளங்கியவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசிக் குலத்தில் தோன்றியவர். அக்குலத்துப் பெண்கள் பட்ட இழிவைத் தம் இல்லத்திலிருந்தே அறிந்து வளர்ந்தார் முத்துலட்சுமி. கல்லூரியில் சேர அவர் விரும்பியபோது, ஆண்கள் பயிலும் இடத்தில் பெண்ணுக்கு என்ன வேலை என்று பலர் எதிர்த்தனர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைப் பொருட்படுத்தாது அனுமதி அளித்தார். அங்கே கற்றுத் தேறிய அவர் 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் பட்டமும் பதக்கங்களும் பெற்று வெளிவந்தார்.

அந்நாளில் சென்னைப் பெண்களின் நிலை எத்தகையது? நோயுற்ற பெண் ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்டக் கூசினாள்; பெண் மருத்துவரோ விரல்விட்டு எண்ணத்தக்கவரே இருந்தனர். சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களுக்குத் திறக்கப்பட்டது 1875-இல். அங்கே அவ்வாண்டு சேர்ந்த மேரி ஷார்லீப் என்னும் ஆங்கில அம்மையாரின் முயற்சியால், திரைமறைவில் வாழும் பெண்களுக்கென்று 1885-இல் கோஷா ஆஸ்பத்திரி தோன்றியது. திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை எனப்படுவது அதுவே. எழும்பூர் அரசினர் மகளிர் மருத்துவமனையோ 1844-இலேயே தொடங்கப்பெற்றது. முத்துலட்சுமி அம்மையார் அந்த எழும்பூர் மருத்துவமனையில் பணியேற்றார். பெருநகரின் ஏழைத் தாய்மாரும் சேய்களும் உரிய காலத்தில் உதவி கிட்டாமல் மடிவதை அங்கே கண்ணாரக் கண்டார்.

1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். மனைவியைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பத்திற்குத் தடை நிற்கலாகாது என்ற உடன்பாட்டின்மேல் அமைந்த திருமணம் அது. 1925-இல் இங்கிலாந்து சென்று, பெண்கள், குழந்தைகள் மருத்துவத்தில் மேற்பயிற்சி பெற்றார்.

தாயகம் திரும்பியவரை மாதர் சங்கத்தார் சென்னைச் சட்டசபைக்குச் செல்லுமாறு வேண்டினர். தொழிலை விட்டுப் போக அவருக்கு முதலில் மனமில்லை. எனினும் இசைந்து உறுப்பினரானார். 1927-இல் அச்சபையின் உபதலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அவர் வாழ்வின் திருப்பம் இங்கேதான் இருக்கிறது. ஒரு மருத்துவர் நாள்தோறும் சிலரைக் காக்கலாம்; சட்டமும் கஜானாவும் துணை நின்றால் பல்லாயிரவரைக் காக்கலாம் என்னும் உண்மையை அவர் செயலில் காட்டினார். பெண்கள் மருத்துவம் செல்வரின் தருமமாக மட்டும் நின்றுவிடாமல் அரசாங்கத்தின் கடமையாக வேண்டும் என்பதே அவர் முயற்சிகளின் உட்பொருள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேண்டுமென்று தீர்மானம் கொணர்ந்தார். சபை அதை ஏற்றது. பள்ளி மாணவர்களுக்கு முறையான உடற்பரிசோதனை வேண்டுமென்றார். இளவயதுத் தாய்மையின் கேட்டை அறிந்தவராதலின், பெண்களின் திருமண வயதை உயர்த்தவும் வாதாடினார். தேவதாசி முறையை ஒழிக்க அவர் தொடங்கிய போராட்டம் 1947-இல் முழுச் சட்டமாகக் கனிந்தது. ஆனால் பதவியை அவர் பற்றிக் கொண்டிருக்கவில்லை. 1930-இல் காந்தியடிகள் சிறைப்பட்டதும் அதைத் துறந்து வெளியேறினார். ஆதரவற்ற பெண்களுக்கு அவ்வை இல்லம் அமைத்தார்.

அவருடைய தங்கையார் புற்றுநோய்க்கு இரையானது ஆறாத புண்ணாக இருந்தது. அந்நோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டுமென்று அவர் கேட்டபோது அரசினர் உடனே செவிசாய்க்கவில்லை. மாதர் சங்கத்தின் துணையோடு நிதி திரட்டினார். 1952-இல் பண்டித நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கிற்று. அவருடைய மகனார் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், பின்னர் டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தனர். ஆந்திர நாட்டு நோயாளிகளும் நம்பிக்கையோடு செல்லும் இடம் அது. 1956-இல் பத்மபூஷண் விருது பெற்ற அம்மையார், 1968-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள் மறைந்தார்.

1987-இல் தமிழ்நாட்டு அரசு ஏழைக் கர்ப்பிணிகளுக்கு உதவித்தொகை வழங்கத் தொடங்கிய திட்டம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 2006-இல் 6,000 ரூபாயாக இருந்த உதவி, 2011-இல் 12,000 ஆகவும், 2018-இல் ஊட்டச்சத்துப் பெட்டகம் உட்பட 18,000 ஆகவும் உயர்ந்தது.

நம் ஊர் ஒரு காலத்தில் அவர் அமர்ந்த சபையின் ஆட்சிக்குட்பட்ட சென்னை ராஜதானியைச் சேர்ந்ததே. இன்று இடையில் மாநில எல்லை நிற்கிறது. உதவித் திட்டங்களும் மாநிலந்தோறும் வேறுபடுகின்றன. தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு செல்லும் நம் வழக்கத்தால், இங்குப் பாதியும் அங்குப் பாதியுமாக மருத்துவம் பார்த்து, இரு பக்கத்து உதவியும் கிட்டாமல் போகலாம். ஆகவே கருவுற்ற தொடக்கத்திலேயே அரசாங்க சுகாதார நிலையத்தில் பதிவு செய்வதும், எந்த உதவி யாருக்கு உரியது என விசாரித்து அறிவதும், அறியாத அண்டை வீட்டுப் பெண்ணுக்கு எடுத்துச் சொல்வதும் நம் கடமை. அவர் வாதாடிப் பெற்றுத் தந்ததை நாம் கேட்டுப் பெறாமல் விடலாமா?

வாழ்க அம்மையார் புகழ்!