முத்துக்குளித்தவர்களும் சவேரியாரும்

பினாங்கில் 1852ல் ஆரம்பித்த செயிண்ட் சேவியர் பள்ளிக்கூடம் நமக்குத் தெரியும். பினாங்கு ரோட்டில் தமிழ்க் கத்தோலிக்கர்களின் சவேரியார் கோவிலும் தெரியும். பெயருக்குரிய மனிதர் நம் ஏழை ஜனங்கள் மத்தியில் வாழ்ந்தவர். அந்தக் கதையை நாம் தெரிஞ்சிக்கணும்.

பிரான்சிஸ் சவேரியார் 1506ல் நவார் நாட்டில் கோட்டை வீட்டில் பிறந்தார். பாரிஸில் படித்தார், ஏசு சபையைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். போர்த்துகல் ராஜா கேட்டுக்கொண்டபடி 1541ல் கப்பலேறி, 1542ல் கோவா வந்தார். மிளகு ஏற்ற வந்த கப்பலில்தான் வேதமும் வந்தது. கீழ்நாடுகளுக்குப் பாதிரியார்களை அனுப்பும் உரிமையைப் போப்பாண்டவர் அந்த ராஜாவுக்கே கொடுத்திருந்தார்.

அதே வருஷம் தூத்துக்குடி, மணப்பாடு கரைக்குப் போனார். அங்கே முத்துக்குளித்த பரதவர்கள் 1530களிலேயே ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். தொழிலில் போட்டிக்காரர்கள் நெருக்கினார்கள். போர்த்துகீசியரிடம் பாதுகாப்பு கேட்டார்கள். அதற்கு விலை மதமாற்றம். பாதுகாப்பும் வந்தது, கூடவே வரியும் வந்தது. மூச்சடக்கிக் கடலில் குதித்தவன் பரதவன். அவன் பாட்டில் போர்த்துகல் ராணியின் செருப்புச் செலவுக்கென்று தனியாக ஒரு வரி!

சவேரியார் அந்தப் பணத்தை ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த உபதேசியார்களின் சம்பளத்துக்குக் கேட்டு வாங்கினார். ஜெபங்களைத் தமிழில் மனப்பாடம் பண்ணி, கையில் மணி அடித்து ஊர் ஊராக நடந்தார். 1544ல் வடுகர் படை கரையைச் சூறையாடியபோது, கன்னியாகுமரியில் பட்டினி கிடந்தவர்களுக்குப் படகுகளில் உணவு ஏற்றிப் புறப்பட்டார். எதிர்காற்றில் படகு நகரவில்லை, நடந்தே போனார். போர்த்துகீசிய அதிகாரிகளின் பேராசையைப் பற்றி ராஜாவுக்கே புகார் எழுதினார்.

ஆனால் உள்ளதைச் சொல்லணும். 1546ல் அதே ராஜாவிடம் மத விசாரணை மன்றம் கேட்டவரும் அவர்தான். அது 1560ல் கோவாவில் அமைந்தது. 1812 வரை மனிதரை நம்பிக்கைக்காகத் தண்டித்தது. ஏழைக்கு இரங்கிய மனசு, மாற்று மதத்தாருக்கு இரங்கவில்லை.

1545ல் மலாக்கா வந்தார். பிறகு மொலுக்கஸ், ஜப்பான் என்று போனார். 1552ல் தூதுக் குழுவோடு சீனா போக இருந்தவரை மலாக்கா கேப்டனே மறித்தார். மறித்தவர் வாஸ்கோடகாமாவின் மகன். அந்த டிசம்பரில் சீனக் கரையோரத் தீவில் காலமானார். உடல் மலாக்கா குன்றுக் கோவிலில் சில மாதம் இருந்து கோவா போனது.

கரையில் இருந்த பரதவர் என்ன ஆனார்கள்? 1658ல் டச்சுக்காரன் தூத்துக்குடியைப் பிடித்து, தன் மதத்துக்கு இழுத்துப் பார்த்தான். இந்தத் தடவை அவர்கள் அசையவில்லை. நெருக்கடியில் வாங்கிய வேதம் அதற்குள் அவர்கள் சொந்தமாகிவிட்டது. இன்றும் பனிமய மாதாவுக்குத் திருவிழா எடுக்கிறார்கள்.

தோழர்களே, நமக்காக மனு எழுதும் நல்லவரை மதிப்போம். ஆனால் அவர் கப்பலேறிப் போவார். கரையில் இருப்பது நாம்தான். பாதுகாப்பு தருகிறேன் என்பவனிடம் முதலில் விலையைக் கேட்கணும். ஒண்ணா நின்னா, அடுத்து வருகிற துரை நம்மை அசைக்க முடியாது.