வாளேந்தாத காவலர்

கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் உரோமைப் பேரரசு தளர்ந்துகொண்டிருந்தது. பல நாடுகளை ஆண்ட உரோமை நகரம், தன்னைத் தானே காத்துக்கொள்ளவும் இயலாத நிலையை அடைந்தது. அக்காலத்தில் அந்நகருக்குத் துணையாய் நின்றவர் திருத்தந்தை முதலாம் லியோ. உரோமைத் திருச்சபையின் தலைவரைத் திருத்தந்தை என்றும் பாப்பரசர் என்றும் அழைப்பர். லியோ என்னும் இலத்தீன் சொல்லுக்குச் சிங்கம் என்பது பொருள். ஆதலால் தமிழ்க் கிறித்தவர்கள் அவரைச் சிங்கராயர் என்றும் வழங்குவர்.

லியோ முதலில் உரோமைத் திருச்சபையில் திருத்தொண்டராகப் பணியாற்றினார். பகைகொண்டோரை இணக்குவதில் அவர் வல்லவர். கி.பி. 440ஆம் ஆண்டில், இன்று பிரான்சு எனப்படும் கால் நாட்டில் படைத்தலைவர் ஏத்தியுசுக்கும் உயர் அலுவலர் ஒருவருக்கும் பூசல் மூண்டது. அதனைத் தீர்க்க லியோ அனுப்பப்பட்டார். அவர் அங்கிருந்தபோதே உரோமையில் திருத்தந்தை காலமானார். ஊரில் இல்லாத லியோவையே மக்கள் அப்பொறுப்புக்குத் தேர்ந்தெடுத்தனர்.

லியோ தம் மறையுரைகளில் எளியோர்க்கு ஈதலைப் பெரிதும் வலியுறுத்தினார். கிறித்து இறைவனும் மனிதரும் ஆவார் என விளக்கி அவர் எழுதிய மடலை, 451இல் கால்செதோன் நகரில் கூடிய ஆயர் பேரவை ஏற்றுக்கொண்டது.

அடுத்த ஆண்டில் ஊணர் தலைவன் அத்திலா வட இத்தாலியின் நகரங்களைச் சூறையாடினான். அவனைத் தடுக்கப் போதிய படை இல்லை. பேரரசர் அனுப்பிய தூதுக்குழுவில் லியோவும் சென்றார். மாந்துவா நகருக்கு அருகில் அவர் அத்திலாவைச் சந்தித்துப் பேசினார். அத்திலா உரோமைக்கு வாராமல் திரும்பினான். அவனுடைய படையைப் பசியும் நோயும் வாட்டியதும் அதற்கு ஒரு காரணமாகும். ஆயினும், ஆயுதமின்றிப் பகைவன் முன் சென்ற லியோவின் நெஞ்சுரத்தை மக்கள் மறக்கவில்லை.

455இல் வாண்டலர் மன்னன் கெய்செரிக் கடல்வழியே படையெடுத்து வந்தான். உரோமையில் அப்போது பேரரசரும் இல்லை. லியோ மீண்டும் தாமே சென்று பகைவனை எதிர்கொண்டார். கொள்ளையை அவரால் தடுக்க முடியவில்லை. மக்களைக் கொல்லாமலும் நகருக்குத் தீயிடாமலும் இருக்குமாறு அவர் வேண்ட, மன்னன் இசைந்தான். பதினான்கு நாள்கள் கொள்ளை நடந்தது. பலர் சிறைப்பிடிக்கப்பட்டு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். எனினும் நகரம் எரியவில்லை. எண்ணற்றோர் உயிர் பிழைத்தனர்.

பகைவர் சென்றபின் லியோ சோர்ந்து அமரவில்லை. பெருங்கோவில்களில் எஞ்சியிருந்த பெரிய வெள்ளிக் குடங்களை உருக்கச் செய்தார். அவ்வெள்ளியால், பொருளிழந்த கோவில்களுக்கு வழிபாட்டுக் கலங்கள் செய்து கொடுத்தார். இருபத்தோர் ஆண்டுகள் திருச்சபையை வழிநடத்திய அவர், 461இல் இயற்கை எய்தினார். முழுவதையும் காக்க இயலாத வேளையிலும் இயன்றதைக் காக்க முன்வந்த அவரை, வரலாறு 'பெரிய லியோ' எனப் போற்றுகிறது.