8 மணி நேர வேலை சின்ன பட்டறைக்கு ஏன் வரல? சிங்காரவேலர் வாழ்க்கை சொல்லும் பதில்

8 மணி நேர வேலை என்றாலே அது பெரிய கம்பெனி விஷயம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். இந்த இடைவெளி ரொம்பப் பழசு. ம.சிங்காரவேலர் வாழ்க்கையைப் பார்த்தால் புரியும்.

யார் இவர்?

1860 பிப்ரவரி 18-ல் சென்னையில் மீனவர் குடும்பத்தில் பிறந்தவர். பேர் சொல்லும் வக்கீல். 1921-ல் ஒத்துழையாமை இயக்கத்துக்காக கோர்ட்டையே விட்டு விலகினார். அப்போது வயது 61.

1923 மே 1-ல் என்ன நடந்தது?

1886-ல் சிகாகோவில் 8 மணி நேர வேலை கேட்டு நடந்த போராட்டத்தின் நினைவுதான் மே தினம். அதை இந்தியாவில் முதன்முதலில் கொண்டாடியவர் சிங்காரவேலர். உயர் நீதிமன்றம் எதிரே உள்ள கடற்கரையிலும், திருவல்லிக்கேணி கடற்கரையிலும் கூட்டம் நடந்தது.

அப்போதைய சட்டப்படி நாளுக்கு 11 மணி நேரம், வாரத்துக்கு 60 மணி நேரம் வேலை வாங்கலாம். இந்த வரம்பும் பொதுவாக 20 பேருக்குக் குறையாத, இயந்திரம் ஓடும் ஆலைகளுக்குத்தான்.

1928-ல் தென்னிந்திய ரயில்வே ஸ்டிரைக்கில் கைதாகி, 1930 வரை சிறையில் இருந்தார்.

சின்ன இடங்களில் என்ன சிக்கல்?

மில்லில் நேரம் குறைந்தால் அடுத்த ஷிப்ட் ஆள் வருவார். 4 பேர் பட்டறையில் அப்படி யாரும் இல்லை. ஓனருக்கு உற்பத்தி குறையும், மணிக்கணக்கில் கூலி வாங்குபவருக்குக் காசு குறையும். சம்பளத்தைக் குறைக்காமல் நேரத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்க சங்கம் வேண்டும். ஆனால் 1926 சட்டப்படி சங்கம் பதிய குறைந்தது 7 பேர் தேவைப்பட்டது.

வழி இல்லாமல் இல்லை. பல பட்டறை ஆட்கள் தொழில்வாரியாகச் சேரலாம். அச்சகத் தொழிலாளர்கள் அப்படித்தான் சேர்ந்தார்கள். 1945-ல், 85 வயதில், சிங்காரவேலர் சென்னையில் அவர்கள் மாநாட்டுக்குப் போனார்.

கடைசியில் என்ன ஆச்சு?

1946 பிப்ரவரி 11-ல் காலமானார். அதே ஆண்டுதான் அம்பேத்கர் கொண்டுவந்த திருத்தத்தால் ஆலை வேலை வாரத்துக்கு 48 மணி நேரமானது. 1947-ல் கடை ஊழியர்களுக்கு நாளுக்கு 8 மணி நேரம் என சென்னை மாகாணம் சட்டம் போட்டது. 1948 தொழிற்சாலைச் சட்டம், மின்சாரத்தில் ஓடும் இடமாக இருந்தால் 10 பேர் வரை இறங்கி வந்தது.

அதற்கும் கீழே? செஞ்சி பக்கத்தில் சிங்கவரத்தில் 4 பேர் ஒரு பட்டறை போட்டிருந்தால், அந்தச் சட்டக் கணக்கில் அது தொழிற்சாலையாகவே இருந்திருக்காது.

2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழ்நாடு சட்டப்பேரவையில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதால், அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் ஸ்டாலின் மே 1-ல் அறிவித்தார். சிங்காரவேலர் கூட்டம் நடத்தி சரியாக 100 வருஷம். ஆலைக்காரர்களுக்காகக் குரல் கொடுக்க சங்கங்கள் இருந்தன. 4 பேர் பட்டறைக்கு யார் இருக்கிறார்கள் என்பதுதான் மிச்சம் இருக்கும் கேள்வி.