அரிச்சந்திரன் வளர்த்த பிள்ளை



கதைப் புத்தகம் சோறு போடுமா என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் வீடுகள் நம்மிடையே உண்டு. ராஜா கதை தோட்டத்துப் பிள்ளைக்கு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. அவர்கள் மகாத்மா காந்தியின் பள்ளிப் பருவத்தைச் சற்றுக் கேட்க வேண்டும்.

1869ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் போர்பந்தரில் பிறந்தவர் மோகன்தாஸ். தந்தை கரம்சந்த் காந்தி சமஸ்தானத்துத் திவான். ராஜ்கோட் பள்ளியில் படித்த மோகன்தாஸ் பெரிய கூச்சக்காரப் பையன். யாராவது கேலி செய்துவிடுவார்களோ என்று பயந்து, பள்ளி விட்டதும் வீட்டுக்கு ஓடி வந்துவிடுவார். பாடப் புத்தகம் தவிர வேறு வாசிப்பும் அதிகமில்லை.

ஒருநாள், தந்தை வாங்கி வைத்திருந்த சிரவணன் நாடக நூல் அவர் கண்ணில் பட்டது. கண்ணிழந்த பெற்றோரைக் காவடி கட்டித் தோளில் சுமந்த மகன் சிரவணன். பிள்ளை அதை ஆசையோடு படித்தார். பிறகு தந்தையிடம் அனுமதி வாங்கி அரிச்சந்திர நாடகம் பார்க்கப் போனார். நாட்டை இழந்து, மனைவி மகனைப் பிரிந்து, சுடுகாடு காத்தும் பொய் சொல்லாத அந்த அரசன் கதை நம்ம பெரியவர்களுக்குத் தெரிந்ததுதானே! மோகன்தாசுக்கு அது அலுக்கவேயில்லை. ஆனால் அடிக்கடி நாடகத்துக்கு விடுவார்களா? மனத்துக்குள்ளேயே தாம் அரிச்சந்திரனாகிப் பலமுறை நடித்தார். எல்லோரும் ஏன் இப்படி இருக்கக் கூடாது என்று எண்ணி எண்ணி அழுதார்.

யோசித்துப் பாருங்கள். அந்த அரசன் எங்கே, இந்தப் பையன் எங்கே? இவருக்கு இழக்க நாடும் இல்லை, காக்கச் சுடுகாடும் இல்லை. ஆனாலும் சோதனை வந்தது, வீட்டுக்குள்ளேயே வந்தது.

கதை கேட்டதும் அவர் உத்தமராகிவிடவில்லை. 15 வயதில், அண்ணன் பட்ட கடனை அடைப்பதற்காக, அண்ணன் கைக்காப்பிலிருந்தே கொஞ்சம் தங்கத்தைத் திருடினார். கடன் தீர்ந்தது, மனம் தாங்கவில்லை. நடந்ததை எழுதி, தண்டனையும் கேட்டு, நோயில் படுத்திருந்த தந்தையிடம் நீட்டினார். தந்தை எழுந்து உட்கார்ந்து படித்தார். அவர் கண்ணீர் காகிதத்தை நனைத்தது. அடிக்கவில்லை, திட்டவில்லை, காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார்.

பல ஆண்டுகளுக்குப் பின் சத்திய சோதனை எழுதியபோதும் காந்தி இவர்களை மறக்கவில்லை. அரிச்சந்திரன் சரித்திரத்தில் வாழ்ந்தவனாக இருக்க முடியாது என்று அறிவு சொன்னாலும், அவனும் சிரவணனும் தமக்கு உயிருள்ளவர்களே என்று எழுதினார். 1948 ஜனவரி 30ஆம் நாள் சுடப்பட்டு மறையும் வரை உண்மையே அவர் பிடித்த வழியாயிற்று.

பெற்றோர்களே! அந்த நூலை வாங்கி வைத்ததும் தந்தை, நாடகத்துக்கு அனுப்பியதும் தந்தை. பாகான் டத்தோவில் தென்னை மரங்களுக்கு நடுவே வளரும் பிள்ளைக்கும் அது போதும். இன்று பரிசாகக் கதைப் புத்தகம் கொண்டுவரும் பிள்ளையை உட்காரவைத்து, கதையில் யார் என்ன செய்தார் என்று கேளுங்கள்.

மாணவமணிகளே! கதையில் வருகிறவர் நம்மைப்போல வாழ வேண்டியதில்லை. அவர் பிடித்த உண்மையை, பரீட்சைத் தாளிலும் கடைக்காரர் தரும் மீதிச் சில்லறையிலும் நீங்கள் பிடித்துக்கொண்டால் போதும்.