பல் வைத்தியத்துக்குக் கல்லூரி கண்டவர்
டாக்டர் ரஃபியுதீன் அகமது (1890 – 1965)

பிப்ரவரி மாதம் 9-ம் தேதி வேதசாட்சியான அர்ச். அப்பொலோனியம்மாளின் நினைவு நாள். கி.பி. 249-ம் ஆண்டளவில் அலெக்சாந்திரியா நகரில், வயது முதிர்ந்த இக்கன்னிகையைக் கலகக்காரர் பிடித்து, தாடையில் அடித்துப் பற்களையெல்லாம் உதிர்த்தனர். வேதத்தை மறுதலிக்க மனமின்றி அவள் தீயில் உயிர் நீத்தாள். பல் நோவால் வருந்துவோருக்கும் பல் வைத்தியர்களுக்கும் அவளே பாதுகாவலி.

அதே பிப்ரவரி 9-ம் தேதி, 1965-ம் ஆண்டில், இந்தியப் பல் மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்படும் டாக்டர் ரஃபியுதீன் அகமது காலமானார். அவர் இஸ்லாமியர். காயம்பட்டுக் கிடந்தவனுக்கு இரங்கிய சமாரியனைப் பிறன் என்று ஒதுக்காமல் நமக்கு மாதிரியாகக் காட்டியவர் நம் ஆண்டவர். ஆகையால் இந்த நல்ல மனிதரின் சரித்திரத்தை நம் குடும்பங்கள் அறிவது தகும்.

கிழக்கு வங்காளத்தில் 1890-ம் ஆண்டு டிசம்பர் 24-ம் தேதி அவர் பிறந்தார். அலிகாரில் படித்தபின் கப்பலேறி அமெரிக்கா சென்று, அயோவா பல்கலைக்கழகத்தில் 1915-ல் பல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்பு பாஸ்டன் நகரில், குழந்தைகளுக்கென்றே ஏற்பட்ட பல் மருத்துவமனையில் 1918 வரை சேவை செய்தார். அங்கேயே இருந்திருந்தால் சுகமாக வாழ்ந்திருக்கலாம். அவரோ 1919-ல் தாய்நாடு திரும்பினார்.

அக்காலத்தில் நம் நாட்டில் பல் வைத்தியம் கற்பிக்க ஒரு கல்லூரிகூட இல்லை. யார் வேண்டுமானாலும் குறடும் கையுமாய் உட்கார்ந்து பல் பிடுங்கலாம், கேட்பாரில்லை. இக்குறையை நீக்க 1920-ல் கல்கத்தாவில் அவர் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? அவர் நடத்திய 'நியூயார்க் சோடா பவுண்டன்' என்னும் ஐஸ்கிரீம் கடையிலிருந்துதான்! பல்லுக்குப் பகையான இனிப்பை விற்று, பல்லைக் காக்கும் கல்விக்குச் செலவிட்டார்.

மாணவர்களுக்காகப் பாடநூல் எழுதினார். 1925-ல் பல் மருத்துவத்துக்கென ஒரு பத்திரிகை தொடங்கினார். தகுதியற்றவர் கையில் ஏழைகள் சிக்கித் துன்புறாதிருக்கச் சட்டம் வேண்டுமென்று ஓயாமல் உழைத்தார். வங்காளத்தில் 1939-லும், இந்தியா முழுமைக்கும் 1948-லும் அத்தகைய சட்டம் பிறந்தது. பின்னர் மேற்கு வங்க மந்திரிசபையில் அமைச்சராகவும் இருந்தார். 1964-ல் பத்மபூஷண் விருது பெற்றார்.

எல்லாவற்றிலும் மேலான செயல் ஒன்றுண்டு. கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் தம் பொருளைக் கொட்டி வளர்த்த அக்கல்லூரியை 1949-ல் அரசாங்கத்துக்கே தானமாகக் கொடுத்துவிட்டார். இன்று அது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

அன்பான பெற்றோர்களே! அன்று பல் வைத்தியர் இல்லாமல் மக்கள் அவதிப்பட்டார்கள். இன்று காரைக்காலிலேயே பல் வைத்தியர் உண்டு. புதுச்சேரியில் அரசின் பல் மருத்துவக் கல்லூரியும் உண்டு. ஆயினும் கன்னம் வீங்கி, இரவெல்லாம் தூக்கம் கெட்ட பிறகுதானே நாம் அங்கே போகிறோம்? வலி வருமுன், ஆறு மாதத்துக்கு ஒருமுறை, குடும்பத்தோடு போய்க் காட்டுவது நலம். சிறு சொத்தையை அடைப்பது எளிது. வேர்வரை போனால் செலவும் அதிகம், வேதனையும் அதிகம்.

பால் பல் விழப்போகிறதுதானே என்று அலட்சியம் வேண்டாம். ஆறு வயதில் பால் பற்களுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப் பல் நிரந்தரமானது. அது போனால் வேறு முளைக்காது. சர்க்கரை கலந்த பால் புட்டியை வாயில் வைத்தபடி குழந்தையைத் தூங்கவிடாதீர்கள். சாம்பலும் செங்கற்பொடியும் பல்லைத் தேய்த்துவிடும். காலையிலும் படுக்கப்போகுமுன்னும் ஃபுளோரைடு கலந்த பற்பசையால் துலக்குவதே போதும்.

வெற்றிலையோடு புகையிலை போடும் பெரியவர்கள் அதை விட்டுவிடுவது உத்தமம். வாயில் தோன்றிய புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். அது புற்றுநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். நீரிழிவு உள்ளவர்கள் ஈறில் இரத்தம் கசிவதைச் சாதாரணமாக எண்ணக்கூடாது.

நம் சரீரம் சர்வேசுரன் தந்த கொடை. அதைப் பேணுவதும் நம் கடமையே. அர்ச். அப்பொலோனியம்மாளின் மன்றாட்டை நாடுவோம். அதோடு பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு பல் வைத்தியரிடமும் செல்வோம்.